நாலடிப் பலகையில் ஒரு கூட்ஸ் யார்டு

வீட்டில் இடமில்லை என்று மாடல் ரயில் ஆசையைத் தள்ளிப்போடும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ரயிலை வட்டமாகச் சுற்றவிட இடம் வேண்டும்தான். ஆனால் ஷண்டிங் செய்ய, அதாவது வேகன்களைப் பிரித்துச் சேர்க்க, நாலடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு பலகை போதும்.

1. முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். இன்று தஞ்சாவூரிலிருந்து அரவைக்குப் போகும் நெல் 42 வேகன் கொண்ட ரேக்காகக் கிளம்புகிறது. அதில் பிரித்துச் சேர்க்கும் வேலை அதிகம் இல்லை. அகலப்பாதையின் மூடிய பி.சி.என். வேகன் ஒன்றே 15.4 மீட்டர், 1:87 அளவில் 18 செ.மீ. ஐந்து வேகன் நிறுத்தினால் பலகை முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஆகவே மீட்டர் கேஜ் காலத்துக்குப் போங்கள். நான்கு சக்கரக் குட்டி வேகன்கள், ஒன்றில் நெல், ஒன்றில் உரம், ஒன்றில் உப்பு என்று தனித்தனியாக வந்து போன காலம் அது. 12 மி.மீ. தண்டவாளம் அதற்குச் சரியாக இருக்கும்.

2. பெரிய ஜங்ஷனைத் தொடாதீர்கள். நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861-லேயே வந்தது. அதன் பெரிய யார்டுகளை நாலடியில் அடைத்தால் தண்டவாளம் மட்டுமே தெரியும், ஊர் தெரியாது. கிளைப்பாதையின் கடைசி நிலையத்தைப் பாருங்கள்: 1926-ல் திறந்த தரங்கம்பாடி, நீடாமங்கலத்திலிருந்து பிரியும் மன்னார்குடி, உப்பளத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளி. என் விருப்பம் அகஸ்தியம்பள்ளி.

3. பாதை அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த 'இங்கிள்நூக்' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதை பிரியும் பாயிண்ட் இரண்டே, வேகன் நிற்கும் சைடிங் மூன்று. நீளமானதில் ஐந்து வேகன் நிற்கும். மற்ற இரண்டில் மூன்று மூன்று. இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் ஷண்டிங் நெக்கில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்க வேண்டும். மொத்தம் எட்டு வேகன். சீட்டு எடுத்து, வந்த வரிசைப்படி ஐந்தை நீளமான சைடிங்கில் கோக்க வேண்டும். அந்த வரிசை 6,720 விதமாக அமையலாம். ஆயுசுக்கும் அலுக்காது.

4. கப்ளிங்கோடு சேர்த்து அளந்த பிறகே ஆணி அடியுங்கள். வேகன் 8 செ.மீ. என்றால் நீளமான சைடிங் 40. ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின் சுமார் 18, அதோடு மூன்று வேகன்: நெக் 42. பாயிண்டுகளுக்கு 34 விட்டால் மொத்தம் 116 செ.மீ. நாலடிக்குள் அடங்கிவிட்டது. நெக்கை ஒரு வேகன் அளவு கூட்டினால் புதிர் செத்துப்போகும். இதில் தாராளம் காட்டாதீர்கள்.

5. எல்லா வேகனிலும் ஒரே வகைக் கப்ளிங்.

6. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊர்ப் பலகை ஊதும். பிளைவுட்டின் இரு பக்கமும் விளிம்பும் வார்னிஷ் குடிக்கட்டும். ஜல்லிக்குப் பதில் ஆற்று மணலைச் சலித்துப் போடுவதானால், முதலில் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அதில் ஓட்டுங்கள். மணலில் கலந்திருக்கும் கருமணல் இரும்புத்துகள் மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் நின்றுவிடும்.

7. கூட்ஸ் ஷெட்டைக் கற்பனையில் கட்டாதீர்கள். டெல்டாவில் பழைய ரயில் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் ஒன்று நின்றால், நிலைய அதிகாரியிடம் அனுமதி கேட்டு, டேப் வைத்து அளந்து, கதவு முதல் ஓடு வரை படம் எடுத்துவிடுங்கள். பலகை அடுத்த வருஷம்கூட வாங்கலாம். இதை இந்த மாதமே செய்யுங்கள்.