லாகின் பக்கத்தை ஒளித்து வைத்தால் போதுமா?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டருக்காக வெப்சைட் போட்டோம். இப்போது ராஜபாளையம், சிவகாசி, மதுரைக் கிளைகளையும் சேர்த்து ஒரே வேர்ட்பிரஸ் மல்டிசைட்டில் நாலு தளம். லாகின் முகவரியை ஒவ்வொன்றுக்கும் வேறாக வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. டபிள்யூபிஎஸ் ஹைட் லாகின் மாதிரி ஒரு ப்ளக்-இன்னை நெட்வொர்க் முழுவதற்கும் ஆக்டிவேட் செய்து, பொதுவாக ஒரு முகவரி கொடுங்கள். வேறு வேண்டும் என்கிற கிளை, தன் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளும். 'லாகின்', 'அட்மின்', 'டாஷ்போர்டு' என்ற சொற்கள் மட்டும் வேண்டாம். திருட வருகிறவர் முதலில் அடித்துப் பார்ப்பது அவற்றைத்தான். கேஷ் ப்ளக்-இன் இருந்தால், புதுப் பக்கத்தை அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

கேள்வி: லாகின் ஃபைலின் பெயரையே மாற்றினேன். அடுத்த அப்டேட்டில் பழைய ஃபைல் மறுபடி வந்து நிற்கிறது. ஏன்? (ராஜபாளையம்)

பதில்: வரத்தான் செய்யும். அது வேர்ட்பிரஸின் கோர் ஃபைல், அப்டேட் அதைப் புதிதாகப் போட்டுவிடும். கோர் ஃபைலில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். லாகின் முகவரியை மறைத்தாயிற்று. ஆபீஸில் ஆறு பேர், ஆறு பேரும் சூப்பர் அட்மின். எல்லாருக்கும் நினைவிருக்கட்டும் என்று பாஸ்வேர்டு 'ஆண்டாள்123'. இனி பயமில்லைதானே?

பதில்: இனிமேல்தான் பயம். முகவரியை மறைத்தால் கண்டபடி வரும் பாட்களின் தொல்லை குறையும், அவ்வளவுதான். லாகின் பக்கம் மறைந்தாலும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற பின்வாசல் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அங்கேயும் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கலாம்.

2013 ஏப்ரலில் உலகம் முழுக்க வேர்ட்பிரஸ் தளங்களைத் தாக்கியவர்கள் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. 'அட்மின்' என்ற யூசர்நேமை வைத்துக்கொண்டு, எல்லாரும் வைக்கிற பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். பக்கத்து ஊரில் ஆண்டாள் கோயிலை வைத்துக்கொண்டு ஆண்டாள் பெயரில் பாஸ்வேர்டு வைத்தால், ஊகிக்க ஹேக்கர் எதற்கு, பஸ் ஸ்டாண்டில் நிற்பவரே போதும்.

அதைவிடக் கோபம் வருவது அந்த ஆறு பேர் கணக்கில். சூப்பர் அட்மின் நினைத்தால் ஒரு தளத்தையே அடியோடு அழிக்கலாம். மல்டிசைட்டில் சாதா அட்மினுக்கு ப்ளக்-இன் நிறுவும் அதிகாரம்கூடக் கிடையாது. 2010 ஜூனில் வேர்ட்பிரஸ் 3.0-வோடு மல்டிசைட் சேர்ந்தபோதே இந்தப் பிரிவினை உண்டு. பக்கம் எழுதி, படம் ஏற்றுகிறவருக்கு எடிட்டர் போதும். சூப்பர் அட்மின் இரண்டு பேர், இருவருக்கும் டூ-ஃபேக்டர். பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள்.

கேள்வி: கிளைத் தளத்தில் பாஸ்வேர்டு ரீசெட் கேட்டால், மெயிலில் வரும் லிங்க் மெயின் தளத்துக்குப் போகிறது. கோளாறா?

பதில்: இல்லை. மல்டிசைட்டில் எத்தனை தளம் இருந்தாலும் யூசர் பட்டியல் ஒன்றுதான், ஒருவருக்குப் பாஸ்வேர்டும் ஒன்றுதான். அங்கே மாற்றினால் எல்லாக் கிளைக்கும் மாறிவிடும். கிளை முகவரிதான் வேண்டும் என்றால், 'நெட்வொர்க் சைட் யூஆர்எல்' ஃபில்டரைப் பற்றி டெவலப்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: புது லாகின் முகவரியே மறந்துவிட்டது. எல்லாம் போச்சா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: ஒன்றும் போகவில்லை, பதறாதீர்கள். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரைத் திறந்து, ப்ளக்-இன்ஸ் ஃபோல்டருக்குள் லாகினை மறைக்கும் ப்ளக்-இன் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பழைய லாகின் பக்கம் திரும்பிவிடும். உள்ளே நுழைந்ததும் ஃபோல்டருக்குப் பழைய பெயரைக் கொடுத்து, செட்டிங்ஸில் முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அல்ல.