அங்குலத்தை எங்கிருந்து எடுக்கிறாய்?

அன்புள்ள முகிலன்,

சாக்ரமென்டோவில் 1972 மாடல் செவ்ரோலே சி10 பிக்அப் ஒன்றை வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மகிழ்ந்தேன். அடுத்த பத்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். "எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவுக்கு வளைவில் நன்றாக நிற்கும் என்கிறார்கள் சார். நாலு அங்குலம் போதுமா, ஆறு வேண்டுமா?" ஈர்ப்பு மையம் இறங்கினால் நல்லது என்ற ஒற்றை வாக்கியத்தோடு சஸ்பென்ஷனைப் படித்து முடித்தவர்கள் பேசும் பேச்சு இது. என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்த நீயும் அதைத் திருப்பிச் சொல்லலாமா?

நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த அங்குலங்களை வண்டியின் எந்த இடத்திலிருந்து எடுக்கப் போகிறாய்? சக்கரம் மாட்டியிருக்கும் இடத்தை உயர்த்தி எடுக்கலாம். சக்கரம் ஏறி இறங்க விட்டிருக்கும் இடைவெளியைத் தின்றும் எடுக்கலாம். நிறுத்திவைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வண்டி.

முன்பக்கத்தை எடுத்துக்கொள். காயில் ஸ்பிரிங் கீழ் கண்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், ஸ்பிரிங்கில் 1 அங்குலம் குறைந்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குலம் இறங்கிவிடும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறவர்களுக்கு வேலை அவ்வளவு சுலபமாகத் தெரிவது இதனால்தான். வேலை செய்யும் சுற்று 8 என்றால், ஒன்றை வெட்டியதும் விறைப்பு 14 சதவீதம் கூடும். சூத்திரத்தை நான் எழுத வேண்டியதில்லை. இப்போது அடுத்த கணக்கைப் போடு. பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டுவதற்கு முன் 4 அங்குலமாக இருந்த பயணம் 2 ஆகிவிட்டது. முன்பு ஒரு மேடு தந்த ஆற்றலைப் பாதிப் பயணத்தில் விழுங்க வேண்டுமானால் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். உனக்குக் கிடைத்ததோ 14 சதவீதம். மிச்சத்தை முதலில் ரப்பரும், பிறகு ஃபிரேமும், கடைசியில் உன் இடுப்பும் வாங்கிக்கொள்ளும். வெட்டக்கூடச் சோம்பல்பட்டு, கேஸ் டார்ச்சால் ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தொய்யவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எஃகுக்குக் கொடுத்த பதத்தையே எரித்துவிடும் காரியம் அது. அப்படிச் செய்யும் பட்டறைக்குள் கால் வைக்காதே.

"வளைவில் நன்றாக நிற்கும்" என்ற கதைக்கு வருகிறேன். ஸ்பிரிங்கைக் குறைத்தால் கண்ட்ரோல் ஆர்ம்கள் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். உடனே ரோல் சென்டர், அதாவது வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் வளைவில் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். ஈர்ப்பு மையத்தை 3 அங்குலம் இறக்கிவிட்டதாக மார்தட்டுகிறவர், அந்த நெம்புகோலை நீட்டிவிட்டதைக் கவனிப்பதே இல்லை. சக்கரத்தின் சாய்வான கேம்பரும் கெடும், டயரின் உள்விளிம்பு தேயும்.

டிராப் ஸ்பிண்டில் இந்த வம்புக்கெல்லாம் போவதில்லை. பால் ஜாயிண்ட்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரத்தின் அச்சு மட்டும் மேலே ஏறுகிறது. உன் வண்டிக்கு வழக்கமாகக் கிடைப்பது 2.5 அங்குலம் இறக்குவது. ஆர்ம்களின் சாய்வு மாறாது, ஸ்பிரிங் மாறாது, பம்ப் ஸ்டாப்புக்கு உள்ள தூரம் மாறாது. 1971 முதல் இந்த அரை டன் வண்டிகளுக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் 5 போல்ட் சக்கரமும் வந்துவிட்டன. அதற்கு முந்தைய டிரம் பிரேக் ஸ்பிண்டிலை யாராவது விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதே. டிராப் ஸ்பிண்டில் போட்டால் ஸ்டீயரிங் ஆர்மும் டை ராடு முனையும் சக்கர விளிம்புக்கு நெருக்கமாக வரும். புதிய ஸ்பிண்டிலை மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்காவது உரசுகிறதா என்று பார்.

இந்த இடத்தில் சஸ்பென்ஷன் பொறியாளர் மாரிஸ் ஆலியைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து 1930இல் காடிலாக்குக்கு வந்தவர். ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளைத் தொங்கவிட்டு, அவற்றை நகர்த்தி நகர்த்தி, மனித உடம்புக்கு எந்தக் குலுக்கல் பொறுக்கும் என்று ஓட்டிப் பார்த்தார். அவருடைய குறிப்புகளைப் பொறியாளர்களான மில்லிக்கன்கள் 2002இல் நூலாக்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராத நாட்களில் நான் எடுக்கும் புத்தகம் அது. முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக ஆட வேண்டும் என்றார் ஆலி. மேட்டில் முன்சக்கரம்தான் முதலில் ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் அதை எட்டிப் பிடித்துவிடும், வண்டி தலையாட்டாமல் மட்டமாக எழுந்து தணியும். நிலையாக நிற்கும்போது ஸ்பிரிங் 250 மி.மீ. அமுங்கியிருந்தால் நொடிக்கு ஒரு முறை ஆடும், 62 மி.மீ. என்றால் இரண்டு முறை. காலியான பிக்அப்பின் பின்பக்கம் இயல்பாகவே வேகமாக ஆடும், ஏனென்றால் அது சுமைக்காகச் செய்தது. முன்னே விறைத்த குட்டை ஸ்பிரிங்கைப் போட்டு அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு, நெடுஞ்சாலையில் வண்டி தலையாட்டுகிறது என்று ஷாக் அப்சார்பரைத் திட்டுகிறவர்களை என்ன சொல்வது?

பின்பக்கத்துக்கு வருவோம். உன் சி10இன் பின்பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள். 1960 முதல் 1972 வரை செவ்ரோலே அரை டன் பிக்அப்பின் பின் ஆக்சிலைப் பெரும்பாலும் காயில் ஸ்பிரிங் தாங்கியது. இரண்டு நீண்ட டிரெய்லிங் ஆர்ம்கள் முன்னோக்கிப் போய் ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கும். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயக்காரர்கள் 1960களில் இந்த ஆர்ம்களைத் தங்கள் கார்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். நாஸ்கார் கப் பந்தயத்தில் 2021 வரைக்கும் இதே அமைப்புதான். 2022இல் வந்த புதிய காரில்தான் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன் வந்தது. மூட்டை ஏற்றும் வண்டிக்காக வரைந்த ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேல் பந்தயத்தில் நின்றிருக்கிறது. அதைப் பழசு என்று கழற்றி எறியச் சொல்கிறவரிடம் நீ தாராளமாகச் சண்டை போடலாம்.

இந்த அமைப்பில் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பான்ஹார்ட் ராடு. ஒரு முனை ஃபிரேமில், மறு முனை ஆக்சில் பக்கம். கீலில் திரும்பும் கதவைப்போல இதுவும் வட்டவில்லில்தான் நகர முடியும். நீளம் 750 மி.மீ. என்று வை. மட்டமாக இருந்த ராடின் ஆக்சில் முனை 100 மி.மீ. உயர்ந்தால், ஆக்சில் ஏறத்தாழ 7 மி.மீ. பக்கவாட்டில் தள்ளும். ஒரு பக்க டயர் ஃபெண்டரை நெருங்கும். நீளத்தை மாற்றக்கூடிய ராடு வாங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆக்சில் நடுவுக்கு வரும், அவ்வளவுதான். ராடு இன்னும் சாய்ந்தே இருக்கும். சாய்ந்த ராடில் சக்கரம் ஒவ்வொரு 25 மி.மீ. ஏறும்போதும் ஆக்சில் 3 மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் உதைக்கும். வண்டியின் பின்புறம் தானாகவே ஸ்டீயரிங் பிடிக்கும். இதற்கு மருந்து, பிராக்கெட்டை இடம் மாற்றி, ஓட்டும் உயரத்தில் ராடை மீண்டும் மட்டமாக்குவது. ஸ்பிரிங்கின் நிறத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசும் கடைக்காரர்கள் இந்த பிராக்கெட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. என்னைக் கேட்டால், தாழ்த்திய சி10 நன்றாக ஓடுகிறதா இல்லையா என்பதில் பாதியை இந்த ஒரு ராடுதான் தீர்மானிக்கிறது.

உன் நண்பன் 1978 மாடல் வைத்திருப்பதாக எழுதினாய். 1973இல் இருந்து பின்பக்கம் கமான் பட்டை. அவனுக்குக் கணக்கே வேறு. ஆக்சில் பட்டைக்கு அடியில் இருக்கிறது. இடையில் கட்டையைச் செருகினால் வண்டி உயரும், தாழாது. கொஞ்சம் இறக்க வேண்டுமானால் ஷேக்கிளையும் ஹேங்கரையும் மாற்றலாம். நிறைய இறக்க வேண்டுமானால் ஆக்சிலைப் பட்டைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். 5 அங்குலத்துக்கு மேல் ஒரே அடியாக இறங்கும். அப்போது டிஃபரென்ஷியலின் மூக்கு பார்க்கும் கோணத்தைச் சரிபார்க்கச் சொல். கியர்பாக்ஸ் அச்சுக்கும் பினியன் அச்சுக்கும் இணைநிலை தவறினால், இரண்டு யுனிவர்சல் ஜாயிண்டின் ஏற்ற இறக்கமும் ஒன்றையொன்று தின்னாது. வேகத்தில் தரை அதிரும்.

முன்பக்கம் போலப் பின்பக்கத்தில் தப்பிக்க முடியாது என்பதையும் மறக்காதே. எந்த வழியில் இறக்கினாலும் ஆக்சில் ஃபிரேமை நெருங்கும். அந்தப் பயணத்தைத் திருப்பித் தருவது சி நாட்ச் ஒன்றுதான்: ஆக்சிலுக்கு மேலே ஃபிரேமை வளைவாக வெட்டி, தடித்த தகடு வைத்துப் பலப்படுத்துவது. வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும் என்று பெருமையடிப்பவர், பலப்படுத்தத் தனக்கு எத்தனை மணி ஆகும் என்பதையும் சொல்லட்டும்.

"இங்கே சட்டமும் இப்போது தடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். உண்மை. சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1958 முதல் வைத்திருந்த விதி, 2024 ஜனவரி 1 முதல் இல்லை. லோரைடர் என்னும் தாழ்த்திய கார்களை ஓட்டிய மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களை நிறுத்தி அபராதம் போடவே அதிகம் பயன்பட்ட விதி அது, போனது நல்லது. 1959இல் ரான் அகிரே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பொருத்தி, போலீசைக் கண்டதும் வண்டியை உயர்த்திக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த பொறியியல் கதைகளில் ஒன்று. ஆனால் டயரில் காற்று இறங்கினால் வண்டி விளிம்பின் மேல் உட்காரும் என்பதை எந்தச் சட்டசபையும் நீக்க முடியாது. விளிம்பு மட்டத்துக்குக் கீழே ஸ்டீயரிங் இணைப்போ, கண்ட்ரோல் ஆர்மோ, பிரேக் குழாயோ தொங்கினால், அந்த நிமிடத்தில் அது தரையில் இழுபடும். போலீசுக்காக இல்லாமல் உனக்காக அந்தக் கோட்டை வைத்துக்கொள்.

நிறுத்தும்போது தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும் என்பதே ஆசையானால், காற்றுப் பைதான் நேர்மையான வழி. ஓட்டும் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். கம்ப்ரசர், டேங்க், குழாய், கசிவு எல்லாவற்றையும் கட்டி மேய்க்க வேண்டும், நாட்ச்சும் கட்டாயம். தினம் அலுவலகம் போகும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

உனக்கு என் தீர்ப்பு: முன்னே 2.5 அங்குல ஸ்பிண்டில், ஸ்பிரிங்கைத் தொடாதே. பின்னே 4 அங்குலம் இறக்கும் குட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற குட்டை ஷாக் அப்சார்பர், பான்ஹார்ட் பிராக்கெட். வண்டிக்குக் குறித்திருக்கும் எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்றாதே. தாழ்த்தியதால் வண்டிக்குப் பலம் கூடிவிடவில்லை.

இதற்கெல்லாம் முன்பு, காலி வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, பின் ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்பின் நுனிக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்துகொள். அதில் 4 அங்குலத்தைக் கழி. மிச்சம் 3 அங்குலத்துக்குக் குறைந்தால் நாட்ச் வேண்டும். அந்தச் செலவுக்குக் கையில் பணம் இல்லாவிட்டால், இறக்கத்தைக் குறைத்துக்கொள். எண்களை எழுதி அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை ஒரு நட்டுகூட வாங்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்