ஐயமும் அறுதியும்: சேதுக்கரைத் தீர்த்த மரபின் நோக்கில் ‘சாப விமோசனம்’

இராமேசுவரம் வரும் யாத்திரிகர் முதலில் அக்கினி தீர்த்தத்தில் கடலாடுவர். பின்னர் ஈர ஆடையுடன் கோயிலுள் புகுந்து 22 தீர்த்தங்களிலும் முறையாக நீராடுவர். கிணற்று நீரை அவர்கள் தாமே முகந்துகொள்வதில்லை. வேறொருவர் வாளியால் இறைத்து அவர்கள் தலையில் ஊற்றுகிறார். இறுதியில் ஆடுவது கோடி தீர்த்தம். அதில் ஆடியபின் அவ்வூரில் தங்கலாகாது என்பது வழக்கு. இராவண வதத்தால் நேர்ந்த பழி நீங்க இராமன் இலிங்கம் நிறுவினான் என்பது இத்தலத்தின் அடிப்படைத் தொன்மம். நிரம்ப அழகிய தேசிகரின் சேது புராணமும் தீர்த்தங்களில் ஆடிப் பழி நீங்கியோர் வரலாறுகளை விரித்துரைக்கிறது.

இம்மரபில் கவனிக்கத்தக்கது நீரின் ஆற்றல் மட்டுமன்று; கழுவலுக்கு ஓர் எண்ணிக்கையும் முடிவும் இருப்பதாகும். ‘போதும்’ என்னும் தீர்ப்பை நீராடுபவரின் மனம் வழங்குவதில்லை, மரபு வழங்குகிறது.

எண்ணச் சுழற்சி நோயில் இல்லாதது இந்தப் ‘போதும்’ என்பதே. விரும்பாத எண்ணம் ஒன்று மீண்டும் மீண்டும் எழுகிறது. அது தரும் அச்சத்தைத் தணிக்க நோயுற்றவர் கழுவுகிறார், சரிபார்க்கிறார், மனத்துள் சொற்களை உருட்டுகிறார். ஒரு கணம் அமைதி கிடைக்கிறது. பின் ஐயம் திரும்புகிறது. இத்தகைய எண்ணங்களும் செயல்களும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கவர்ந்துகொள்வதை நோய் கணிப்பதற்கான அளவுகளில் ஒன்றாக மருத்துவர் கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர்கள் இதனை ‘ஐயப் பித்து’ என்றழைத்தனர். 1907இல் சிக்மண்ட் பிராய்டு இந்நோய்ச் செயல்களைச் சமயச் சடங்குகளுடன் ஒப்பிட்டு எழுதினார். அவ்வொப்பீடு புகழ்பெற்றதாயினும் சேதுக்கரையில் வைத்து நோக்குமிடத்து முழுமையாகப் பொருந்தவில்லை. இங்குச் சடங்கு பலர் காண நிகழ்கிறது, பிறர் கையால் நிகழ்கிறது, முடிந்தும் விடுகிறது. நோயாளியின் கழுவலோ தனியறையில், தன் கையால், முடிவின்றி நிகழ்வது.

தமிழ்ப் புனைகதையில் இவ்வேறுபாட்டை நுட்பமாகக் காட்டுவது, கழுவும் பழக்கமுடைய பாத்திரம் எதனையும் படைக்காத ஒரு சிறுகதை என்பது வியப்பிற்குரியது. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் கலைமகளில் வெளிவந்தது. இராமனின் கால் துகள் பட்டு அகலிகை கல்லுருவம் நீங்குகிறாள். தொன்மத்தின்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். புறத்திலிருந்து வரவேண்டிய ‘போதும்’ வந்துவிட்டது. கோதமனும் அவளை ஏற்றுக்கொள்கிறான். எனினும் புதுமைப்பித்தனின் கதை அதன்பிறகே தன் உண்மையான பொருளுக்குள் நுழைகிறது. தான் சொல்லவிருக்கும் சொல்லைப் பலமுறை மனத்துள் சோதித்துப் பார்க்கிறாள் அகலிகை. பிறர் இயல்பாகக் கூறும் சொல்லிலும் மறைபொருள் உண்டோ எனக் கலங்குகிறாள். கோதமனின் பரிவும் அவளைத் தேற்றவில்லை. நோயியல் இதனை நன்கறியும்: நெருங்கியவர் தரும் உறுதிமொழி ஐயத்தை அடக்குவதில்லை, அடுத்த உறுதிமொழிக்கான தேவையையே வளர்க்கிறது.

இக்கதையை இராமன்மீதான பெண்ணிய விசாரணையாக வாசிப்பதே பெருவழக்கு. அவ்வாசிப்பு பிழையன்று. சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகும் முடிவு அதற்கு இடமளிக்கிறது. ஆயின் இறுதிக் காட்சியின் வெளிச்சத்தில் நடுப்பகுதியின் நுண்மை மறைந்துவிடுகிறது. அகலிகைக்கு ‘நீ தூயவள்’ என்று சொன்ன அதே அதிகாரம் சீதையிடம் சான்று கேட்டது எனும்போது, அவள் இழப்பது இராமன்மீதுள்ள மதிப்பை மட்டுமன்று. தன் ஐயத்திற்கு வெளியே நின்ற ஒரே அறுதியையும் இழக்கிறாள். அகலிகைக்கு நோய்ப்பெயர் சூட்டுவது திறனாய்வின் பணியன்று. பழிச்சொல்லுக்கு ஆளான பெண்ணின் அச்சத்தை வெறும் நோயாகச் சுருக்கும் தீங்கும் அதில் உண்டு. கதையில் சமூகம் அவளைத் தூற்றவும் செய்கிறது. ஆதலின் அவள் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதுமன்று. அகத்தில் எழும் ஐயத்திற்கும் புறத்தில் நிலவும் பழிக்கும் எல்லை வகுக்கவொண்ணாமையே இப்படைப்பின் வலிமை.

இராமேசுவரம் அமைந்த அதே மாவட்டத்திலுள்ள ஏர்வாடியும் துயர் நீங்க மக்கள் நாடிவரும் தலமே. சுல்தான் சையது இபுறாகீம் சகீது பாதுஷாவின் தர்காவிற்கு மனநலம் குன்றியோரை அழைத்துவந்து தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். அங்குள்ள மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6 அன்று மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்கிறது. ஏர்வாடியின் துயரம் கண்ணுக்குத் தெரிந்தது, சங்கிலியும் தெரிந்தது. எண்ணச் சுழற்சியில் உழல்பவரோ பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறார், வேலைக்கும் செல்கிறார். சுற்றத்தார் அவரை ‘அதிகச் சுத்தம் பார்ப்பவர்’ என்று சிரித்துக் கடந்துவிடுகின்றனர். மடி, ஆசாரம் பேசும் துணைப்பாத்திரமாக அவரைப் படைத்து நகைக்கும் புனைவுகளும் இவ்வாறே கடக்கின்றன.

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் கோபிகிருஷ்ணன் (1945–2003). அவருடைய ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ மனநோயாளிகளைப் பிறர் விளக்கும் பொருளாக நிறுத்தாமல் பேசுபவர்களாக நிறுத்துகிறது. அந்நூலை அடுத்து வைத்துப் பழைய நாவல்களின் ‘மடிசஞ்சி’ பாத்திரங்களை மீள வாசிக்குமிடத்து முதலில் எழும் வினா எளியது: கதை முழுவதும் கை கழுவிக்கொண்டிருக்கும் அப்பெண், தான் எதற்கு அஞ்சுகிறாள் என்று சொல்ல ஒரு வரியேனும் பெறுகிறாளா?