செந்நிறக் கடற்பஞ்சு

கடலடியில் பாறையையும் சிப்பியையும் பற்றிக்கொண்டு, இருந்த இடம் விட்டுப் பெயராது வளர்வது கடற்பஞ்சு. அதனைச் செடியினத்தோடு சேர்த்து எண்ணியவர் பலர். அங்ஙனம் எண்ணியது பெரும்பிழையன்று. அதற்கு வாயும் வயிறும் இல்லை. கண்ணும் செவியும் இல்லை. நரம்பும் நெஞ்சப்பையும் இல்லை. இத்தகையதொன்றை விலங்கென்று எவர் துணிந்து கூறுவர்?

1825ஆம் ஆண்டில் இராபர்ட் கிராண்ட் என்னும் எடின்பரோ நகரத்து அறிஞர், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை நீரிலிட்டு நுண்ணோக்கியால் உற்றுநோக்கினார். அதன் பெருந்துளையினின்று நீர் இடையறாது வெளிப்படக் கண்டார். உடலெங்கும் உள்ள நுண்துளைகளின் வழியே புகும் நீர் உள்ளறைகளை அடைகின்றது. ஆங்குள்ள உயிரணுக்கள் சாட்டை போன்ற இழைகளை ஓயாது அசைத்து நீரை ஓட்டுகின்றன. நீரில் வரும் நுண்ணுயிர்களைப் பற்றி இரையாக்கிக் கொள்கின்றன. எஞ்சிய நீரே பெருந்துளை வழியே வெளியேறுவது. எனவே, கடற்பஞ்சு விலங்கே. புல்லும் மரமும் உற்றறியும் ஓரறிவே உடையன என்பர் தொல்காப்பியர். தொட்டால் துளையை மெல்லச் சுருக்கும் கடற்பஞ்சுகளும் உண்டு. அவற்றையும் அவ்வரிசையில் வைத்து எண்ணலாம் போலும்!

அமெரிக்காவின் கீழ்க்கடற்கரையில், சிப்பிகளின்மேல் முதலில் மெல்லிய பூச்சுப்போலப் படர்ந்து, பின்னர் விரல்கள்போலக் கிளைத்தெழும் செந்நிறக் கடற்பஞ்சு ஒன்று உண்டு. வில்சன் என்னும் அறிஞர் அதனைச் சிறு துண்டுகளாக்கி, நுண்ணிய பட்டுத்துணியில் இட்டுக் கடல்நீருள் பிழிந்தார். உடல் முற்றும் சிதைந்தது. உயிரணுக்கள் தனித்தனியே பிரிந்து, செம்புகைபோல் நீரிற் பரவி அடியிற் படிந்தன. சாறு பிழிந்த கனி மீண்டும் கனியாதல் உண்டோ? ஈண்டு அது நிகழ்ந்தது. படிந்த அணுக்கள் மெல்ல ஊர்ந்தன, ஒன்றையொன்று தொட்டன, தொட்டவை ஒட்டிச் சிறு திரள்களாயின. சின்னாட்களில் அத்திரள்களில் கால்வாய்களும் துளைகளும் தோன்ற, புதிய கடற்பஞ்சுகள் உருவாயின. வில்சன் இதனை 1907இல் வெளியிட்டார்.

பின்னர்ச் செந்நிறப் பஞ்சின் அணுக்களையும் மஞ்சள்நிறப் பஞ்சின் அணுக்களையும் ஒருங்கே கலந்து வைத்தும் ஆராய்ந்தனர். கலந்து கிடந்தவை கலந்தே வளர்ந்தில. செந்நிற அணுக்கள் செந்நிற அணுக்களோடும், மஞ்சள் அணுக்கள் மஞ்சள் அணுக்களோடுமே கூடின. கண்ணில்லா அணு தன் இனத்தை அறிந்தது எவ்வாறு? அணுக்களின் மேற்புறத்தில் அமைந்த பெரிய மூலக்கூறுகள், கடல்நீரிலுள்ள சுண்ணச்சத்தின் துணையால் தம்முள் பிணைந்துகொள்கின்றன எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அச்சத்தை நீக்கிய நீரில் இட்டால், ஓரினத்து அணுக்களும் ஒன்றுகூடாமல் தனித்தனியே கிடக்கின்றன.