வெடிப்பும் அதன் வேரும்

மலைச்சரிவில் கட்டிய நீச்சற்குளத்தின் ஒருபாதி வெட்டிய பாறைமீதும், மறுபாதி கொட்டி நிரப்பிய மண்மீதும் அமைவதுண்டு. பாறை அசையாது, மண்ணோ சிறிது சிறிதாகத் தாழும். அவை கூடுமிடத்தில் குளத்தின் தரை வெடிக்கும். அவ்வழியே கசியும் நீர் மண்ணை இளக்க, வெடிப்பு மேலும் விரியும்.

ஆதலின், வெடிப்பைக் கண்டவுடன் சாந்து பூசி மறைத்தல் அறிவுடைமை ஆகாது. முதற்கண், வாளியொன்றில் நீர் நிரப்பிக் குளத்துப் படிமேல் வைத்து, இரண்டன் நீர்மட்டத்தையும் குறித்து, மறுநாள் நோக்குக. வாளி நீரினும் குளத்துநீர் மிகுதியாகக் குறைந்திருப்பின், அது வெயில் உண்டதன்று, கசிந்ததேயாம். பின்னர், நீர்மட்டத்திற்கு மேலே வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, நாளும் குறித்து வைக்க. அஃது உடையுமாயின், நிலம் இன்னும் நகர்கின்றது என்பது தெளிவு. அந்நிலையில், மழைநீரை வேறுவழித் திருப்பி, உறுதியான நிலம்வரை தூண் இறக்கித் தாங்கிய பின்னரே, வெடிப்பினுள் எபாக்சிப் பசையைச் செலுத்துதல் தகும்.

அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பால்ட்வின் குன்றின்மேல் 1951-இல் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கம் ஒன்று இருந்தது. 1963 டிசம்பர் 14 முற்பகலில், அதன் வடிகாலில் வழக்கத்திற்கு மாறான நீரொலி எழுந்ததைக் காப்பாளர் கேட்டார். அடிநிலம் நகர்ந்து தரை வெடித்திருந்தது. கீழே வாழ்ந்த மக்கள் விரைந்து வெளியேற்றப்பட்டனர். பிற்பகல் 3.38 மணிக்குக் கரை உடைந்தது. 5 பேர் மாண்டனர். அவ்வொலியை அவர் பொருட்படுத்தாது விட்டிருப்பின், மாண்டோர் பலராயிருப்பர். சிறு குறியைப் புறக்கணியாமையே பெருங்கேட்டினின்று நம்மைக் காக்கும்.