பிள்ளைக்கும் பிரஷர் பார்க்க வேண்டும்

பள்ளிக் கால்பந்து அணியில் சேர உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காகப் போன இடத்தில் என் மகனுக்கு ரத்த அழுத்தம் 138/88 இருந்தது. அவனுக்கு 14 வயது. தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது. “பரீட்சை பயமா இருக்கும், விடும்மா” என்றார் மாமியார். ஆனாலும் குழந்தைநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்துவருவதில் நான் தெரிந்துகொண்டவை இவை.

ஒருமுறை பார்த்து முடிவுகட்ட வேண்டாம்

13 வயதிலிருந்து, மேல் அளவு 130-ஐயோ கீழ் அளவு 80-ஐயோ தொட்டால் உயர் ரத்த அழுத்தம் என்பது கணக்கு. அந்த வயதுக்குக் கீழே என்றால் வயது, உயரம், ஆணா பெண்ணா என்று அட்டவணை பார்த்துத்தான் சொல்வார்கள். நமக்கு நிம்மதி தரும் 120/80, ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிகம். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை பார்த்தும் கூடுதலாக இருந்தால்தான் உறுதிசெய்கிறார்கள். ஆஸ்பத்திரியைப் பார்த்தாலே பிரஷர் ஏறுகிற பிள்ளைகளும் உண்டு. சந்தேகம் இருந்தால் 24 மணி நேரம் கையிலேயே கட்டியிருக்கும் கருவியைப் பொருத்துவார்கள்.

பட்டையைக் கவனியுங்கள்

நர்ஸ் முதலில் டேப் எடுத்து அவன் மேல்கையின் சுற்றளவைப் பார்த்தார். பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை, கையை 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். சின்னப் பட்டை கட்டினால் அளவை ஏற்றிக் காட்டும். “தம்பி, நல்லா சாய்ஞ்சு உட்காரு. காலைத் தரையில வை. பேசக் கூடாது” என்று சில நிமிடம் உட்காரவைத்து, வலது கையில் பார்த்தார். அளவு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் 130-க்கு மேல்தான். மருத்துவர் தொடை இடுக்கில் நாடி பார்த்து, காலிலும் பட்டை கட்டச் சொன்னார். கையில் அதிகமாகவும் காலில் குறைவாகவும் இருந்தால், மகாதமனி பிறவியிலேயே சுருங்கியிருக்கலாம்.

எதையும் மறைக்காதீர்கள்

பிறந்தபோது என்ன எடை, குறைமாதமா, தூக்கத்தில் குறட்டை விடுகிறானா, ஸ்டீராய்டு மருந்து, மூக்கடைப்பு மாத்திரை, எனர்ஜி டிரிங்க் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். சிறுநீரகக் கோளாறு முக்கியமான காரணம் என்பதால் சிறுநீர், கிரியேட்டினின், ஸ்கேன் பார்த்தார்கள். எங்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. உடல் எடையும் சாப்பாடும்தான் மீதி.

உப்பைக் குறைப்பது வீட்டுக்கே

பிள்ளைக்கு மட்டும் தனிக் குழம்பு வைத்தால் நாலு நாள்கூடத் தாங்காது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஊறுகாய் ஜாடியை எல்லோருக்குமாக எடுத்துவிட்டேன். அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எப்போதாவதுதான். பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து, அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. இந்துப்புக்கு மாறினால் போதும் என்பார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

விளையாட்டை நிறுத்த அவசரப்படாதீர்கள்

மருத்துவர் பார்த்துவிட்டு விளையாடலாம் என்றார். ஆனால் நேரத்துக்குத் தூங்க, ராத்திரி போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுப்பது என்று ஒத்துக்கொள்ளவைக்கத்தான் பெரும்பாடு. மாத்திரை இல்லாமலேயே இப்போது 130-க்குள் நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமையாது. மாத்திரை எழுதிக்கொடுத்தால் நாமாக நிறுத்தக் கூடாது. பிரஷர் அதிகமாக இருக்கும்போது கடுமையான தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

மூன்று வயதிலிருந்து வருடம் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தைநல அகாடமியின் 2017 வழிகாட்டுதல். அடுத்து தடுப்பூசிக்குப் போகும்போது, “எடை, உயரத்தோட பிரஷரும் பார்த்துடுங்க டாக்டர்” என்று நாமே கேட்டுவிடலாம்.