ஸ்டியரிங்குக்கு ஸ்பேர் கிடையாது

ஓடுற காரில் பிரேக் ஃபெயில் ஆனால் என்ன ஆகும்? இப்போதைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி லைனில் போகிறது. ஒன்று லீக் ஆனாலும் இன்னொன்று ஓரளவுக்குப் பிடிக்கும். அதுவும் போனால் ஹேண்ட் பிரேக் இருக்கு, கியரைக் குறைக்கலாம். ஏதோ ஒரு வழி மிச்சம் இருக்கும்.

நாம் ஓட்டுகிற சாதாரண கார்களின் ஸ்டியரிங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. ஸ்டியரிங் வீல், அதன் கீழே ஷாஃப்ட், நடுவில் யுனிவர்சல் ஜாயிண்ட், பினியன், ரேக், இரண்டு பக்கமும் டை ராட், அதன் நுனியில் டை ராட் எண்ட், பிறகு சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிள். ஒரே சங்கிலி. பவர் ஸ்டியரிங் இருந்தாலும் இதேதான். மோட்டார் நம்ம கைக்கு பலம் கொடுக்குமே தவிர, கழன்ற ஜாயிண்டைப் பிடித்து வைக்காது.

தேய்மானம் வேறு, தப்பான ஃபிட்டிங் வேறு. தேய்கிற பார்ட் சொல்லிட்டுதான் தேயும். பள்ளத்தில் இறங்கும்போது கடக் கடக்னு சத்தம் வரும், ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரியும், டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். ஆனால் சரியாக மாட்டாத பார்ட் பல நேரம் வாயைத் திறக்காது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த அன்று வண்டி புதுசு மாதிரி ஓடும். அதுதான் பயம்.

டை ராட் எண்டையே எடுத்துக்கலாம். அதன் கூம்பு வடிவ ஸ்டட், நக்கிளில் உள்ள கூம்புத் துளைக்குள் உட்காரும். அதை ஒரு காசில் நட் இழுத்துப் பிடிக்கும். நட் கழலாமல் இருக்க குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின். நட்தான் சுமையைத் தாங்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில் தாங்குவது கூம்பின் பிடிப்பு. அந்தப் பிடிப்பை உண்டாக்குவதுதான் நட்டின் வேலை. மெஷின் டிசைனில் படித்த கணக்கைப் போட்டுப் பாருங்க: டார்க் = 0.2 × இழுவிசை × விட்டம். 12 மி.மீ. நட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் இழுவிசை சுமார் 16,700 நியூட்டன், கிட்டத்தட்ட 1.7 டன் எடை. (40 என்பது உதாரணம்தான். உங்க வண்டிக்கு சர்வீஸ் மேனுவலில் என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.) டார்க் பாதியானால் இழுவிசையும் பாதி. கை உணர்ச்சியை நம்பி ஸ்பானரில் இரண்டு இழுப்பு இழுத்து "போதும்ணே" என்று விட்டால் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

பிடிப்பு குறைந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டட் துளைக்குள் மயிரிழை அளவு அசையும். துளை மெல்ல முட்டை வடிவமாகும். ஸ்டட்டின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வளையும். ஃபடீக் சாப்டரில் நாம் மார்க்குக்காக வரைகிற அதே கிராஃப்தான், இங்கே ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்பிளிட் பின் விஷயம் இன்னும் மோசம். துளை நேராக வரவில்லை என்றால் நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணி பின்னை நுழைக்கிறாங்க. விதி நேர் எதிர்: இன்னும் கொஞ்சம் டைட் பண்ணித்தான் துளையைச் சேர்க்கணும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது. ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் பின்னுக்கு மாற்று இல்லை. புதுப் பின் ஒரு டீ விலைகூட வராது!

எனக்கு ரொம்ப பயமா இருப்பது பினியன் ஜாயிண்ட். ரேக் மாற்றும்போது ஷாஃப்டைப் பினியனிலிருந்து கழற்றுவாங்க. பல வண்டிகளில் பினியன் முனையில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும். கிளாம்ப் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகக் குறுக்கே போகணும். அப்போதுதான் போல்ட் கொஞ்சம் லூஸ் ஆனாலும் ஷாஃப்ட் உருவிக்கொண்டு வராது. ஷாஃப்டை முழுசாகத் தள்ளாமல் விட்டால் போல்ட் பள்ளத்தில் விழாமல் முனையைத் தாண்டிப் போய்விடும். ஆனாலும் டைட் ஆகும், சக்கரம் திரும்பும், டெஸ்ட் டிரைவும் ஓகே. பிடித்திருப்பது நுனியில் நாலு பல்லும் உராய்வும் மட்டும். அது ஒருநாள் கழன்றால் ஸ்டியரிங் வீல் கையில் சும்மா சுற்றும்.

அலைன்மெண்ட் பண்ணிட்டு டை ராட் லாக் நட்டை டைட் பண்ண மறப்பதும் உண்டு. ராட் மெல்லத் திரும்பி, கொடுத்த காசுக்குச் செய்த அலைன்மெண்ட் கலையும்.

வளைந்த டை ராடை கேஸ் வைத்துக் காய்ச்சி நிமிர்த்துவது, வெல்டு வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் அந்த இரும்பின் ஹீட் ட்ரீட்மெண்ட் போய்விடும். 1994 மே 1 அன்று இமோலாவில் நடந்த விபத்தில் அயர்டன் சென்னா இறந்தார். காக்பிட்டில் அவருக்கு இடம் போதவில்லை என்பதால் வில்லியம்ஸ் அணி ஸ்டியரிங் ஷாஃப்டை வெட்டி, விட்டம் குறைந்த ஒரு குழாயை வைத்து வெல்டு பண்ணியிருந்தது. விபத்துக்குப் பிறகு ஷாஃப்ட் முறிந்து கிடந்தது, ஃபடீக் விரிசலும் இருந்தது. மோதுவதற்கு முன்பே முறிந்ததா, மோதியதால் முறிந்ததா என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. 2007இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தைத்தான் காரணம் என்றது. அணித் தரப்பு சொன்னது வேறு. எது எப்படியோ, முறுக்கு விசையில் தகைவு விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர் விகிதம். கெட்டியான தண்டில் விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே தகைவு 37 சதவீதம் ஏறும்.

மெக்கானிக் அண்ணன்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. நம்மைவிட நன்றாகவே தெரியும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற கணக்கில்தான் டார்க் ரெஞ்ச் பெட்டிக்குள்ளேயே தூங்குது. நம்ம கிளாஸில் பாதி பேர் நாளைக்கு சர்வீஸ் இன்ஜினியராகி அந்தக் கணக்கைப் போடப் போகிறவர்கள்தான்.

ஃபார்முலா ஸ்டூடண்ட் டீமில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஃபார்முலா எஸ்ஏஇ விதியில் ஸ்டியரிங் நட்டுக்கு லாக் வாஷரோ ஒட்டும் பசையோ போதாது, ஸ்பிளிட் பின், நைலாக் நட் மாதிரி நிஜமான லாக் வேணும். லாக் நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியணும். ஸ்டியரிங் ஆட்டம் மொத்தம் 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

வீட்டு வண்டிக்கும் இதையே செய்யலாம். டெலிவரி எடுக்கும்போது, வண்டி லிஃப்டில் இருக்கும்போதே போன் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் ஸ்பிளிட் பின் புதுசா என்று பாருங்க. பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. புது சத்தமோ ஆட்டமோ வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஓட்டாதீங்க, டோ பண்ணச் சொல்லுங்க. டைட் பண்ணி முடித்ததும் நட்டையும் நக்கிளையும் சேர்த்து பெயிண்ட் பேனாவில் ஒரு கோடு போடச் சொல்லுங்க. அடுத்த தடவை குனிந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால், நட் திரும்பியிருக்கு.